கட்டத் தவறியவர்களும் கட்ட இயலாதவர்களும்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கல்வராயன் மலையிலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து இறங்கி வந்திருந்த ஒரு பெண், நீதிமன்றம் ஒன்றின் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். கணவர் மீது மதுவிலக்கு வழக்கு. சாராய ஊறல் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. பல வாய்தாக்களுக்கு அலைந்து சலித்துப்போய், "ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் அன்றைக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். நீதிமன்றம் கலையும் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் இரண்டு மாதச் சிறை என்று தீர்ப்பு.

முடிச்சில் இருந்தது 6,600 ரூபாய். அதிலும் ஒரு பகுதி மரவள்ளிக் கிழங்கு வியாபாரியிடம் முன்பணமாக வாங்கியது. "அண்ணா, மீதிய அடுத்த வாரம் கட்றேன்னு சொன்னா உடமாட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். வேறொரு தோழரின் வழக்குக்காக அங்கே போயிருந்த நான், எனக்குத் தெரிந்தவர்களிடம் கைநீட்டி 900 ரூபாய் சேர்த்தேன். போதவில்லை. பணம் வாங்கும் நேரமும் முடிந்துவிட்டது. மாலையில் அந்த மனிதர் வேனில் ஏற்றப்பட்டார். மூன்று நாள் கழித்து அந்தப் பெண் தோட்டை அடகு வைத்து மீதியைக் கட்டி அவரை மீட்டார்.

மூன்று நாள்தானே என்று கேட்கலாம். ஆனால் அந்த மூன்று நாளும் எந்தக் குற்றத்துக்கான தண்டனை? ஊறல் போட்டதற்கான தண்டனையை நீதிமன்றம் கலையும் வரை நின்று அவர் அன்றைக்கே முடித்துவிட்டார். அபராதத்தையும் முக்கால்வாசி சேர்த்துவிட்டார். சிறையில் இருந்த அந்த மூன்று நாளும் 2,500 ரூபாய் இல்லாததற்கான தண்டனை. அதே தீர்ப்பு ஒரு கல்குவாரிக்காரருக்கு வந்திருந்தால் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார்.

தீர்ப்புகளில் எழுதப்படும் "கட்டத் தவறினால்" என்ற சொல் என்னை அன்றிலிருந்து விடவே இல்லை. தவறுவது என்றால் கட்ட முடிந்தவன் கட்டாமல் இருப்பது. இல்லாதவன் எதில் தவறினான்? நம் சட்டம் இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

மனு வகுத்த இரண்டு வழிகள்

இதை ஏன் சாதி ஒழிப்புத் தளத்தில் எழுத வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். மனுதர்மத்தைத் திறந்து அபராதம் பற்றிய பகுதிகளைப் படித்தால் ஏன் என்று புரியும். எட்டாம் அத்தியாயத்தில் பிராமணனைத் திட்டிய குற்றத்துக்கு ஒரு பட்டியல் வருகிறது. திட்டியவன் சத்திரியன் என்றால் நூறு பணம். வைசியன் என்றால் நூற்றைம்பதோ இருநூறோ. சூத்திரன் என்றால் உடல்மீது தண்டனை. அதுவே பிராமணன் மற்றவர்களைத் திட்டினால் ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டு என்று இறங்கிக்கொண்டே போகும். ஒரே குற்றம்தான். மேலே இருப்பவன் காசால் தீர்க்கிறான், கீழே இருப்பவன் உடம்பால் தீர்க்கிறான்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் இன்னும் நுட்பமான ஒரு விதி இருக்கிறது. அபராதம் கட்ட வசதியில்லாத சத்திரியன், வைசியன், சூத்திரன் உழைத்துக் கழிக்க வேண்டும். பிராமணன் மட்டும் சிறுகச் சிறுகத் தவணையில் கட்டலாம். தவணை ஒருவனுக்கு, உழைப்பு மற்றவர்களுக்கு. அந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் எரித்தார்.

இன்றைய சட்டத்தில் சாதிப் பெயர் கிடையாது. அரசமைப்பின் 14-ஆம் பிரிவு எல்லோரும் சமம் என்கிறது. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 8-ஆம் பிரிவைப் பாருங்கள். இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 63 முதல் 70 வரையிலான பிரிவுகளின் மறுபதிப்பு. சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம் என்றால், அபராதம் கட்டாதவருக்கு அந்தக் குற்றத்தின் உச்ச சிறைக்காலத்தில் நான்கில் ஒரு பங்கு வரை கூடுதல் சிறை தரலாம். குற்றத்துக்குக் கடுங்காவல் உண்டு என்றால் இந்தக் கூடுதல் சிறையும் கடுங்காவலாகவே இருக்கலாம். அதாவது உழைத்துக் கழிக்க வேண்டும். அபராதத்தை ஆறு ஆண்டுகள் வரை வசூலிக்கலாம். குற்றவாளி இறந்துபோனாலும் அவர் சொத்து அந்தப் பொறுப்பிலிருந்து விடுபடாது.

தவணைக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 464. முப்பது நாள் அவகாசம் தரலாம், அல்லது இரண்டு மூன்று தவணையாகக் கட்ட அனுமதிக்கலாம். ஆனால் இந்த வசதி அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டவர்களுக்கு. அபராதத்தோடு சிறைத் தண்டனையும் சேர்ந்துவிட்டால் இந்தப் பிரிவின் சொற்கள் அவருக்குப் பொருந்தாது. நீதிமன்றம் கலையும் வரை நிற்பதும் சட்டத்தின் கணக்கில் சிறைதான். தாழ்வாரத்தில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பொருந்துகிற வழக்கிலும் "தரலாம்" என்றுதான் இருக்கிறதே தவிர, "தர வேண்டும்" என்று இல்லை. கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கும். கேட்டுத் தர ஒரு வக்கீல் வேண்டும்.

மனுவின் பட்டியலை நாம் ஒழித்துவிட்டோம். காசு உள்ளவனுக்குக் காசு, இல்லாதவனுக்கு உடம்பு என்ற ஏற்பாட்டை மட்டும் ஒழிக்கவில்லை. யாரிடம் காசு இல்லை என்பதை இந்த நாட்டில் சாதிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. சாதிப் பெயர் எழுதாத சட்டம்கூட சாதி பார்த்துத்தான் விடிகிறது.

கருணாபுரத்துக்குப் பிறகு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் மூட்டை தூக்குபவர்கள், பெயிண்ட் அடிப்பவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள். பெரும்பகுதியினர் பட்டியல் சாதியினர். அந்தச் சாராயம் விற்கப்பட்ட இடம் ஏதோ மலைக்காட்டில் இல்லை. நகரத்தின் நடுவில், காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பகுதியில் விற்றது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. விசாரணை சரியாக நடக்காது என்ற ஐயத்தில் வழக்குகள் போடப்பட்டு, 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

சாவு விழுந்த பத்தே நாளில், ஜூன் 29 அன்று, சட்டமன்றத்தில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயக் குற்றங்களுக்குப் பத்தாண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். குடித்து உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். ஏற்கெனவே குற்றம் செய்தவர்களிடம் இனி செய்ய மாட்டேன் என்று பெருந்தொகைக்குப் பிணைப்பத்திரம் வாங்க நிர்வாக நடுவருக்கு அதிகாரம். தண்டனை பெற்றவரை அந்தப் பகுதியைவிட்டே வெளியேற்றவும் வழி. தாழ்வாரத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போகும் 10,000 ரூபாய் அதோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது ஒரு தண்டனைப் பதிவு. அடுத்த முறை பிணைப்பத்திரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் அதுவே காரணமாகும். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் முதலில் நிற்பவர்கள் சாராய வழக்குக்காரர்கள்தான்.

10 லட்சம் என்ற எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். 2024-25 ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேர்த்தால் ஆண்டுக்கு 31,900. இந்தக் கணக்கில் 10 லட்சம் சேர 31 ஆண்டுகள் ஆகும். மெத்தனாலை டிரம் டிரம்மாகக் கைமாற்றும் வியாபாரிக்கு அதே 10 லட்சம் ஒரு செலவுக் கணக்கு. லாரி டியூபில் சரக்கைச் சுமந்து தெருவுக்குக் கொண்டுவந்த கூலிக்காரனுக்கு அது கட்டவே முடியாத தொகை. அவனுக்கு அந்த அபராதம் தீர்ப்பு நாளிலேயே கூடுதல் சிறையாக மாறிவிடுகிறது. இரண்டு மூன்று பிரிவுகளில் அபராதம் விதிக்கப்பட்டிருந்தால், கட்டாததற்கான சிறைக்காலங்களை ஒன்றாகக் கழிக்க முடியாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கழிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கும் விதி.

"விற்றவனுக்காக வக்காலத்து வாங்குகிறாயா? செத்தவர்களும் நம் மக்கள்தானே?" என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். எங்கள் தெருவிலும் குடித்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். விற்றவனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. 10 லட்சம் என்று எல்லோருக்கும் ஒரே தொகை எழுதியதால் பெரிய வியாபாரிதான் தப்பித்தான் என்கிறேன். அவன் சொத்தையும் வருவாயையும் அளந்து அபராதம் போட்டிருந்தால் 10 லட்சம் அவனுக்கு மிகக் குறைவு. அந்தத் தொகையிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்ல நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395-ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கருணாபுரத்தில் தாயும் தகப்பனும் போய் நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் போக வேண்டும். கட்ட முடியாதவன்மீது எழுதப்பட்ட 10 லட்சத்திலிருந்து எந்தப் பிள்ளைக்கும் ஒரு ரூபாய்கூட வராது.

சட்டம் பிறந்த இடமும் மலையும்

இந்த மதுவிலக்குச் சட்டத்துக்கும் கல்வராயன் மலைக்கும் உள்ள உறவு பழையது. 1937-இல் ராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்த சட்டம் அது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று முதன்முதலாக அமலுக்கு வந்த மாவட்டம் சேலம். கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி இன்றைக்கும் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, பிறகு திரும்ப வந்தது, 1983-இல் டாஸ்மாக் உருவானது, 2003-இல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கு வந்தன. 2023-24-இல் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடிக்கு மேல். குடியால் இத்தனை கோடி வருவாய் பார்க்கும் அரசு, மதுவிலக்கு என்ற பெயரை மாற்றாமல் வைத்திருக்கும் சட்டத்தின்படி மலைக்காரனிடம் அபராதமும் வாங்குகிறது.

மலையில் ஊறல் ஏன் என்பதை ஒரு வரியில் ஒழுக்கக்கேடு என்று முடித்துவிடுவது எளிது. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மண். மலையாளிப் பழங்குடிகள் அவர்களுக்கு வரியும் கட்டி, கூலியில்லாமல் உழைத்தும் கொடுத்தார்கள். நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1976-இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலை இல்லாமல் கர்ப்பிணிகளைத் தூளி கட்டித் தூக்கிவரும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. கருணாபுரச் சாவுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றிய வழக்கை எடுத்தது. ஊறல் வழக்கு எங்கிருந்து வருகிறது என்று நீதிபதிகளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அபராதம் மலைக்கு மதுவிலக்கு வழியாக மட்டும் வருவதில்லை. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. அதன்படி வனத்துறையே குற்றத்தை இணக்கமாக முடித்துக்கொண்டு தொகை வாங்கலாம். ஆடு மேய்த்ததற்கும் விறகு எடுத்ததற்கும் வழக்கா, பணமா என்ற கேள்வி ரேஞ்சர் அலுவலகத்திலேயே முடிந்துவிடும். நீதிபதி முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த மக்களுக்கு உரிமை என்று சொன்னதையே இந்தப் பழைய சட்டம் குற்றம் என்று சொல்லிக் காசு வாங்குகிறது.

பிழைப்பு தேடி மலையை விட்டுப் போனாலும் அபராதம் துரத்துகிறது. கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி மலைகளிலிருந்து செம்மரம் வெட்டக் கூட்டிச்செல்லப்படும் ஆட்களின் கதை நமக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு ஆந்திர அரசு தன் வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது. ஐந்தாண்டு சிறை, தலா 6 லட்சம் அபராதம் என்ற தீர்ப்புகளைத் திருப்பதியிலுள்ள செம்மரச் சிறப்பு நீதிமன்றம் வழங்கியிருக்கிறது. வெட்டியவனுக்குக் கிடைப்பது சில நாள் கூலி. மரத்தை வாங்கிக் கப்பலேற்றுகிறவனின் லாபத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட அபராதத் தொகை கோடரி பிடித்த கையின்மீது விழுகிறது.

இதற்கு நேர் எதிரான கணக்கு ஒன்றும் உண்டு. 1992 ஜூனில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அவர்களும் மலையாளிப் பழங்குடிகள்தான். 2011-இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. நூறு நாள் வேலைக்காரர் அபராதம் சேர்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று மேலே பார்த்தோமோ, அதே 31 ஆண்டுகள் ஆயின அரசிடமிருந்து 10 லட்சத்துக்கு ஓர் உத்தரவு வாங்க. மலைக்காரன் அரசுக்குத் தர வேண்டியது என்றால் அன்று மாலைக்குள் தர வேண்டும். அரசு மலைக்காரருக்குத் தர வேண்டியது என்றால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

நீதிமன்றங்களே சொன்னவை

அபராதம் விதிக்கும்போது குற்றவாளியின் வசதியைப் பார்க்க வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த கருத்து அல்ல. 1951-இலேயே ஆடம்ஜி உமர் தலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. 1978-இல் மோதிராம் வழக்கில், ஓர் ஏழைக் கொத்தனாருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டதையும், வேறு மாவட்டத்துக்காரர் என்று ஜாமீன்தாரரை மறுத்ததையும் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்து, தொகையை 1,000 ஆகக் குறைத்தார். 2007-இல் சாந்திலால் வழக்கில் ஒரு லட்சம் அபராதம் கட்டாததற்கு விதித்த மூன்றாண்டுச் சிறையை ஆறு மாதமாகக் குறைத்து, இந்தச் சிறை குற்றத்துக்கான தண்டனை அல்ல, பணம் கட்டாததன் விளைவு என்று விளக்கியது. தீர்ப்புகள் டெல்லியில் இருக்கின்றன. தாழ்வாரத்துக்கு அவை இறங்கி வரவில்லை.

உலகத்தில் வேறு வழிகள் இருக்கின்றன. பின்லாந்து 1921 முதல் அபராதத்தை ரூபாய்க் கணக்கில் சொல்லாமல் நாள் கணக்கில் சொல்கிறது. குற்றத்துக்கு இத்தனை நாள், உன் ஒரு நாள் வருவாய் இவ்வளவு, பெருக்கிக் கட்டு. தொழிலதிபர் வேகமாகக் கார் ஓட்டினால் லட்சக்கணக்கில் கட்டுகிறார், கூலிக்காரர் தன் அளவுக்குக் கட்டுகிறார். ஜெர்மனியும் 1975 முதல் இப்படித்தான். எதிர்ப்பக்கத்துக்கு அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரில் நகர நிர்வாகம் அபராதத்தையும் கட்டணத்தையும் வருவாயாகவே நடத்தியது, கட்ட முடியாதவர்கள்மீது கைது உத்தரவுகள் குவிந்தன என்று 2015-இல் அந்நாட்டு நீதித்துறையே அறிக்கை தந்தது. அங்கே நிறம், இங்கே சாதி.

"அபராதத்துக்குப் பதில் சமூக சேவை வைத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாய சன்ஹிதாவில் சில சிறு குற்றங்களுக்கு அது வந்துவிட்டது. எனக்கு அச்சம் இருக்கிறது. மருத்துவமனையில் வருகைப் பதிவேடு எழுதும் சேவை யாருக்கு, கழிப்பறை கழுவும் சேவை யாருக்கு என்பதை நம் ஊரில் எது தீர்மானிக்கும்? எந்த வேலை என்று சட்டத்திலேயே எழுதி, துப்புரவுப் பணி கூடாது என்று விலக்காமல் இதைக் கொண்டுவந்தால், மனு சொன்ன உழைத்துக் கழித்தல் புதுப் பெயரில் திரும்பி வரும்.

என்ன கேட்கிறோம்

கோரிக்கைகள் எளியவை. அபராதம் எழுதும் முன் குற்றவாளியின் வருவாய், சொத்து, குடும்பம் பற்றி நீதிமன்றம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் கட்டாததற்கான சிறை விதிக்கக் கூடாது. தவணை எல்லா அபராதங்களுக்கும் உரிமையாக வேண்டும். குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருப்பதால் தமிழக அரசே இதற்குத் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கேட்கலாம். மதுவிலக்குச் சட்டம் முழுக்க மாநிலத்தின் கையில் இருப்பது. அதிலுள்ள 5 லட்சம், 10 லட்சம் எல்லாவற்றையும் வருவாயைப் பொறுத்த அளவாக மாற்ற வேண்டும். பெரிய வியாபாரியிடம் வாங்கும் தொகை இறந்தவர்களின் குடும்பத்துக்குப் போக வேண்டும். கிராம நியாயாலயச் சட்டம் 2008-இலேயே நடமாடும் நீதிமன்றத்துக்கு இடம் தந்திருக்கிறது. வெள்ளிமலையில் ஒன்று உட்காரட்டும். ஒரு வாய்தாவுக்கு இரண்டு நாள் கூலியை இழப்பதும் ஓர் அபராதம்தான்.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. 2023-இல் ஒன்றிய அரசு ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டம் கொண்டுவந்தது. தண்டனை பெற்று அபராதம் கட்ட முடியாமல் இருப்பவருக்கு 25,000 ரூபாய் வரையிலும், ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாதவருக்கு ஒரு வரம்பு வரையிலும் மாவட்டக் குழு வழியாக அரசே கட்டும். போதைப்பொருள் வழக்கு, ஊழல் வழக்கு போன்றவை இதில் சேராது. மதுவிலக்கு வழக்கு விலக்கப்பட்ட பட்டியலில் இல்லை. தோடு அடகுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் யாராவது மனு எழுத வேண்டும்.

இலவச வக்கீலுக்கு வருமானச் சான்று தேவை என்று பலர் நினைக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சிறைக்குப் போன பிறகும் அபராதத்தில் ஒரு பகுதியைக் கட்டினால் அந்த விகிதத்தில் நாள்கள் குறையும். இதையும் உள்ளே இருப்பவரின் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

அடுத்த முறை நம் ஆட்கள் யாராவது "ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடும்" என்ற பேச்சைக் கேட்டுவிட்டு வந்து நின்றால், ஒத்துக்கொள்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எவ்வளவு ஃபைன்? கட்ட எத்தனை நாள் அவகாசம்? இந்தத் தண்டனைப் பதிவு நாளைக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? இந்த மூன்றையும் அன்றைக்கு யாரும் அந்த மலைக்காரரிடம் சொல்லவில்லை. அங்கே நின்றிருந்த எனக்கும் அப்போது தெரியாது.